இரண்டு மூட்டை நெல்லுக்கு ஒரு சீட்டு

என் வீட்டுக்காரர் பினாங்குக்குப் போய் மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அங்கே நம் பக்கத்து ஆள் ஒருவருடைய மளிகைக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிற வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருநூறு ரூபாய்க்கு டிராப்டு வரும். வரும் என்பது பேச்சு. சில தடவை மூன்று மாதம் ஆகும். சில தடவை நூற்று ஐம்பதுதான் இருக்கும், கூடவே கடையில் வியாபாரம் மந்தம் என்று கடிதத்தில் ஒரு வரி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் நானும், பன்னிரண்டு வயது மகளும், எட்டு வயது மகனும். மூன்று பேரும் தின்ன, உடுத்த, பள்ளிக்கூடம் போக, காய்ச்சல் வந்தால் ஊசி போட, உறவுக்காரர் கல்யாணத்துக்கு மொய் வைக்க என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காகிதம்தான்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். கணக்கு மட்டும் நன்றாக வரும். அவர் கடிதம் அனுப்புகிற உறைகளை நான் எறிவதில்லை. ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட மெல்லிய உறைகள். கிழித்த பக்கத்தைக் கத்தரியால் நேராக வெட்டிவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் மகளை எழுதச் சொன்னேன். அரிசி, பால், பள்ளிக்கூடம், வைத்தியம், மொய், தர்மம். ஏழாவதாக, நிலம். பணம் வந்த அன்றைக்கு மூவரும் பாயில் உட்கார்ந்து ஒவ்வோர் உறையிலும் எவ்வளவு என்று பேசிப் போடுவோம். தர்மத்துக்கு எட்டணாவாவது போடாமல் மற்ற உறையைத் தொடக் கூடாது. ஒரு உறையிலிருந்து காசு எடுத்தால், எதற்கு எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும். இது நான் போட்ட சட்டம்.

பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. மகன் எழுதிய ஒரு சீட்டு எனக்கு இன்னும் மனப்பாடம்: "பள்ளிக்கூடத்தில் இருந்து அஞ்சு காசு எடுத்தேன். கமர்கட்டுக்கு. தப்பு." அதைப் படித்துவிட்டு அடிப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

பால் உறையை மகளிடம் ஒப்படைத்திருந்தேன். ஒருநாள் பத்து பைசா குறைந்தது. பால்காரம்மா கூட வாங்கிக்கொண்டாள் என்றாள். நான் பால்காரம்மாவிடம் கேட்டேன், அவள் வாங்கவில்லை. மகள் ரிப்பன் வாங்கியிருக்கிறாள். பத்து பைசாவுக்காக அவளை அன்று அடித்த அடி அதிகம்தான். "எடுத்தது கூடப் பரவாயில்ல. எழுதி வெச்சிருந்தா நான் ஏன் அடிக்கப்போறேன்? எடுத்துட்டு அடுத்தவ மேல சொன்ன பாரு, அதுக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழாவது உறைக்கு வருகிறேன். வலங்கைமான் போகிற பக்கம், எங்கள் ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி, என் வீட்டுக்காரருக்குப் பாகத்தில் வந்த ஆறு மா நிலம் இருந்தது, அதாவது இரண்டு ஏக்கர். என் மாமனார் காலத்திலிருந்து ஒருவரே குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். சம்பா அறுப்பு முடிந்ததும் வருஷத்துக்கு எட்டு மூட்டை நெல் தர வேண்டும் என்று பேச்சு. எங்கள் வீட்டுப் பெண்கள் வயல் பக்கம் போவதில்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன், நான் பெரிய மச்சான் என்றும் பிள்ளைகள் பெரியத்தா என்றும் கூப்பிடுகிறவர், தன்னுடைய நிலத்தின் குத்தகையோடு சேர்த்து எங்களுடையதையும் வாங்கி வண்டியில் அனுப்புவார். டிராப்டை பாங்கில் மாற்றித் தருவதும் அவர்தான்.

என் வீட்டுக்காரர் கப்பலேறிய முதல் வருஷம் நாலு மூட்டைதான் வந்தது. இரண்டாம் வருஷம் ஒன்றுமே வரவில்லை. மூன்றாம் வருஷம் தை கழிந்து மாசியும் பிறந்துவிட்டது, வண்டி வரவில்லை.

"என்னம்மா செய்யச் சொல்றே? அவன் தரமாட்டேங்குறான். ஊரெல்லாம் கொடி கட்டிட்டான் விவசாயச் சங்கத்துக்காரன். இந்த ஆட்சி வந்ததுலேருந்து உழுறவன்தான் ராசா" என்பார் பெரிய மச்சான்.

அது பொய்யென்று நினைக்க எனக்குக் காரணம் இல்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. பஸ் நிறுத்தத்தில் சிவப்புக் கொடியும் கறுப்புச் சிவப்புக் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. அறுவடைக் கூலி கூடக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் நின்றார்கள், சில ஊர்களில் போலீஸ் வேன் வந்து நின்ற பிறகே அறுப்பு நடந்தது என்று பேசிக்கொண்டார்கள். குத்தகைக்காரர்களை நிலத்தை விட்டு இறக்க முடியாதபடி சட்டம் வந்துவிட்டது என்றும், அவர்கள் பெயரைச் சர்க்காரே ஏட்டில் பதிந்து கொடுக்கப் போகிறது என்றும் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் வெளியில் கேட்கிற சத்தம். என் கையில் இருந்தது அரிசி உறை. அது காலியாகியிருந்தது.

அந்தத் தடவை டிராப்டு மூன்று மாதம் ஆகியும் வரவில்லை. வைத்தியத்திலிருந்து எடுத்து அரிசி வாங்கினேன். பிறகு மொய்யிலிருந்து எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் நானே சீட்டு எழுதி வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகளுக்கு லீவு, உறைகளை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு மகள் கேட்டாள்.

"இந்த நிலம் உறையில ஏன் எப்பவுமே ஒண்ணும் இல்ல?"

"அவரு தரமாட்டேங்குறாராம்."

"யாருகிட்ட தரமாட்டேன்னாரு?"

"பெரியத்தாகிட்ட."

"நாம கேட்டோமா?"

நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நான் போய்க் கேட்டுட்டு வரவா? தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போ என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லாமல் மீனைத் திருப்பித் திருப்பி அலசிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு யோசித்தாலும், அவளை நான் அனுப்பினேனா அவளாகப் போனாளா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் இருவரும் இல்லை.

பகல் முழுக்க வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் திரும்பினார்கள், பிள்ளைகளைக் காணோம். ஆள் அனுப்பலாம் என்றால் பெரிய மச்சான் வீட்டுக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும். அவருக்குத் தெரியாமல் போன பிள்ளைகளைத் தேட அவரிடமே எப்படிச் சொல்வது? சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு ஒரு மாட்டு வண்டி வாசலில் வந்து நின்றது. வண்டியில் இரண்டு மூட்டை நெல். மூட்டை மேல் என் மகன். மகள் பின்னால் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியை ஓட்டி வந்தவர் குத்தகைக்காரர்.

அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பேசினேன். ஒல்லியான மனிதர், தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, பாப்பா வந்து களத்துல நின்னு கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. வருசா வருசம் எட்டு மூட்டையும் பெரியவருகிட்ட அளந்துட்டுத்தானேம்மா இருக்கேன்?"

"போன வருசமுமா?"

"போன வருசம் எட்டு. அதுக்கு முந்துன வருசம் எட்டு. இந்த வருசம் ஆறு அளந்துட்டேன், அவுரு வண்டியிலதான் ஏத்துனேன். பாக்கி ரெண்டு. அதைத்தான் நேரா இங்க கொண்டாந்துட்டேன்."

"ரசீது இருக்கா அண்ணே?"

"பெரியவரு ரசீது தரமாட்டாரும்மா. நமக்குள்ள என்ன ரசீதும்பாரு. நான் என்னம்மா பண்றது? மேல நீங்க குத்தகை கேக்குறீங்க. கீழ அறுக்குற ஆளு கூலி கூடக் கேக்குறான். நடுவுல கெடக்குறேன் நான்." மூட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் வாங்கி உள்ளே கொண்டுவந்து போட்டார். போகும்போது, "பாப்பா நல்ல பாப்பா. எழுதிக்கூடக் குடுத்துடுச்சு" என்றார்.

அவர் போன பிறகு மகளிடம் கேட்டேன். நெல் வாங்கிக்கொண்டதற்கு நோட்டுத் தாளில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் தலையைத் தடவினேன். பத்து பைசாவுக்கு அடித்தது அப்போது ஞாபகம் வந்து, அதுவும் சரிதான் போலிருக்கிறது என்றுகூடத் தோன்றியது.

ஆனால் அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. இருவரில் யார் சொல்வது உண்மை? பெரிய மச்சான் எங்களுக்கு அரணாக இருப்பவர். பிள்ளைகளுக்குப் பெருநாள் துணி எடுத்துத் தருகிறவர். குத்தகைக்காரரோ நான் முகம் அறியாதவர், ஆனால் கேட்ட அன்றே வண்டி கட்டிக்கொண்டு வந்தவர். இருவர் கையிலும் காகிதம் இல்லை. பினாங்குக்குக் கடிதம் எழுதினேன். "குத்தகை நெல் விஷயமாக உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டு, இரண்டு மூட்டை வந்ததையும் எழுதினேன். அங்கே கடிதமெல்லாம் கடை முதலாளி கையில் போய்த்தான் இவர் கைக்கு வரும். பதில் வர ஒன்றரை மாதமாவது ஆகும்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய மச்சான் வந்தார். சுற்றி வளைத்துக் கேட்டேன். "குத்தகை இந்த வருசமாச்சும் ஏதாவது உண்டா மச்சான்?"

"ஒரு மணி கெடையாது. விடு, அவனை நான் பாத்துக்கறேன்" என்றார்.

உள் அறையில் இரண்டு மூட்டை நெல் நின்றது. அதன் மேல் நான் பாயைப் போட்டு மூடியிருந்தேன். அவர் போன பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பெரியத்தா கேட்டா மூட்டை வந்ததைச் சொல்லாதீங்க" என்றேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மகன்தான் கேட்டான்: "அம்மா, சொல்லாம இருக்கறதுக்கும் சீட்டு எழுதணுமா?"

நெல்லை அவித்துக் காயவைத்து மில்லில் அரைத்தோம். அந்த அரிசியைச் சாப்பிட ஆரம்பித்தோம்.

பங்குனி கடைசியில் ஒருநாள் பெரிய மச்சான் உச்சி வெயிலில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் தாலுகா ஆபீசிலிருந்து வந்த ஒரு தாக்கீது. குத்தகைக்காரர் தன் பெயரைப் பதியச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார். அத்தாட்சியாக ஒரு ரசீதைக் காட்டியிருக்கிறார்.

"எழுதிக் குடுத்தியா? யாரக் கேட்டு எழுதிக் குடுத்தே?" என்று மகளைப் பார்த்துக் கத்தினார். அவள் என் பின்னால் வந்து நின்றாள்.

"சின்னப்புள்ள மச்சான். நெல்லு வாங்குனதுக்கு ஒரு சீட்டு..."

"அது சீட்டு இல்லம்மா! அது ஒண்ணு இருந்தாப் போதும், நான்தான் குத்தகைக்காரன்னு பதிஞ்சுடுவான். அப்புறம் உன் பேரன் காலத்துக்கும் எறக்க முடியாது. மூணு வருசமா கர்ணத்தைப் பிடிச்சு அடங்கல்ல சொந்தச் சாகுபடின்னு எழுதி வெச்சிருக்கேன். எல்லாம் உங்க நிலம் உங்க கையில நிக்கணும்னுதான். ஒரு தாள்ல போச்சு!"

அடங்கல் என்பது யார் எந்த வயலில் என்ன பயிர் செய்தார்கள் என்று கிராமக் கணக்கரான கர்ணம் வருஷாவருஷம் எழுதுகிற ஏடு. அதன்படி, பினாங்கில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மூன்று வருஷமாக வலங்கைமான் பக்கத்தில் ஏர் உழுதுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"நெல்லு தரலேன்னு சொன்னீங்களே மச்சான்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"அதெல்லாம் உனக்குத் தெரியாது. ஆம்பளைங்க கணக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விசாரணைக்கு உன்னைக் கூப்புடுவாங்க. புள்ள வெளையாட்டா எழுதிட்டா, எங்களுக்கு நெல்லு வரலன்னு சொல்லிடு. அவ்வளவுதான். உன் புருசன் சொத்து இது. நான் எனக்காகச் சொல்லல" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிலம் போனால் நாளைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? மளிகைக் கடை வேலை எத்தனை நாளைக்கு? பதினைந்து நாள் இதையே மாற்றி மாற்றி யோசித்தேன். காலையில் ஒன்று சரியென்று படும், மத்தியானம் அதுவே தப்பென்று படும். பினாங்கிலிருந்து கடிதம் வந்துவிடாதா என்று தபால்காரரை எதிர்பார்த்தேன். வரவில்லை.

சித்திரையில் விசாரணை. துப்பட்டி போர்த்திக்கொண்டு மகளோடு பஸ் ஏறினேன். எங்களுக்கு முன்னால் பெரிய மச்சான் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் அறுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. ஆபீஸ் வராந்தாவில் எங்களைப் போல இருபது முப்பது பேர். குத்தகைக்காரர் ஓர் ஓரத்தில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்து அந்த அம்மாள் சிரித்தாள். மகள் சிரிப்பதா கூடாதா என்று என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

அதிகாரி இளம் வயதுக்காரர். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கோடு போட்ட நோட்டுத் தாள், பென்சில் எழுத்து. "ஆறு மா நிலத்துக்குக் குத்தகை நெல் பாக்கி இரண்டு மூட்டை பெற்றுக்கொண்டேன்." கீழே மகளின் பெயர். அதற்கும் கீழே, ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு. பக்கத்தில் இருந்த குமாஸ்தா சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை.

"இது உங்க மக எழுத்துங்களாம்மா?"

பெரிய மச்சான் என் வலது பக்கம் நின்றார். மகள் இடது பக்கம் என் துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பெரிய தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். சத்தியம், நியாயம் என்று எதுவும் அந்த நேரம் என் மனசில் இல்லை. பத்து பைசாவுக்கு இவளை அடித்தேனே, இப்போது இவள் எதிரிலேயே நான் என்ன சொல்வது என்பது மட்டும்தான் இருந்தது. வெட்கம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

"அவ எழுத்துதாங்க."

"நெல்லு வந்துச்சா?"

"வந்துச்சு. ஆக்கித் தின்னுட்டோம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பெரிய மச்சான் வெளியே போனார். நாங்கள் திரும்பின பஸ்ஸில் அவர் இல்லை.

எட்டாம் நாள் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. என் முதல் கடிதத்துக்குப் பதில். "நான் புறப்படும்போது கப்பல் செலவுக்கும் மற்றதுக்கும் அண்ணன் அறுநூறு ரூபாய் கொடுத்தார்கள். குத்தகை நெல்லில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் அண்ணன் சொல்லியிருப்பார்கள் என்று இருந்தேன். எதுவானாலும் அண்ணன் சொல்படி செய்."

அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் வருஷம் அவர் வைத்துக்கொண்டது நாலு, அடுத்தது எட்டு, இந்த வருஷம் ஆறு. பதினெட்டு மூட்டை. மூட்டை முப்பது என்றால் ஐந்நூற்று நாற்பது. மீதி அறுபது ரூபாய். அந்த அறுபதுதான் நாங்கள் அவித்து அரைத்துத் தின்ற இரண்டு மூட்டை. அதாவது பெரிய மச்சான் திருடவில்லை. தன் பணத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். குத்தகைக்காரரும் பொய் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் எதையும் மறைக்க நினைக்கவில்லை. ஆனால் என் அடுப்பில் என்ன வேகும் என்று இரண்டு ஆண்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. நான் உறைகளில் ஐந்து பைசாவுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகள் என் தோள் வழியாகக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப யாரும்மா பொய் சொன்னது?"

"பெரியத்தா, நெல்லு வரலேன்னு சொன்னது பொய்தான்."

"ஏன் சொன்னாங்க? கடனுக்கு எடுத்துக்கிட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"தெரியல." அதுதான் நிஜம். தம்பி கடன் வைத்துவிட்டுப் போனான் என்று என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். குத்தகைக்காரர் தரவில்லை என்று ஊரில் சொல்லிச் சொல்லி அவரை இறக்கப் பார்த்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பெண்களிடம் கணக்குச் சொல்லிப் பழக்கமில்லை என்பது மட்டுமே காரணமாகவும் இருக்கலாம்.

நடந்ததையெல்லாம் எழுதி இரண்டாவது கடிதம் போட்டேன். மூன்று பக்கம். அதற்கு வந்த பதிலில் நிலத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை இருந்தது: "சரி." கோபமான சரியா, போகட்டும் என்கிற சரியா, நீ செய்தது சரி என்பதா? அவர் திரும்பி வந்த பிறகு கேட்டேன். எழுதினதே ஞாபகமில்லை என்றார்.

குத்தகைக்காரர் பெயர் பதிவாகிவிட்டது. பெரிய மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். அறுபது ரூபாயை நான் நாலு டிராப்டில் பதினைந்து பதினைந்தாகச் சேர்த்து மகனிடம் அவருக்குக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார். டிராப்டை மாற்ற ஆள் இல்லாமல் மகளோடு நானே பாங்குக்குப் போனேன். முதல் தடவை கையெழுத்து மூன்று முறை கோணியது. தெருவில் சிலர், "பன்னெண்டு வயசுப் புள்ள ரெண்டு ஏக்கரை எழுதிக் குடுத்துடுச்சு" என்று என் காதில் விழும்படி பேசினார்கள். பஸ் நிறுத்தத்தில் சங்கத்துக்காரர் ஒருவர் மகளைப் பார்த்து, "நீதானா அந்தப் பாப்பா?" என்று கும்பிட்டாராம். அவள் பயந்துபோய் வீட்டுக்கு ஓடி வந்து, நான் நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று கேட்டாள். "பாடத்தைப் படி" என்றேன்.

அடுத்த தை மாதம் குத்தகைக்காரர் அச்சடித்த ரசீதுப் புத்தகத்தோடு ஆறு மூட்டை கொண்டு வந்தார். சட்டப்படி அவ்வளவுதானாம். அதற்கடுத்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்தது, மூன்று மூட்டைதான். நான் ஒன்றும் சொல்ல முடியாது, அவரும் ஒன்றும் மறைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், நிலம் எங்கள் கையில் இருந்ததாகச் சொன்ன மூன்று வருஷத்தில் என் வீட்டுக்கு வந்தது மொத்தம் ஆறு மூட்டை. நிலம் போய்விட்டது என்று எல்லோரும் சொன்ன பிறகு முதல் வருஷத்திலேயே ஆறு மூட்டை வந்தது. இதை லாபத்தில் எழுதுவதா நஷ்டத்தில் எழுதுவதா என்று எந்த உறையிலும் இடமில்லை.

என் வீட்டுக்காரர் ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். குத்தகை உள்ள நிலத்தை வெளியாள் யார் வாங்குவார்கள்? குத்தகைக்காரருக்கே விற்றோம், ஊர் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பதிவு நாளன்று சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றபோது, கூப்பிடாமலே பெரிய மச்சான் வந்து நின்றார். கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டார். நெய்ச்சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்றார். பழைய விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. கடைசி வரை எடுக்கவில்லை. பணம் மகளின் கல்யாணத்துக்கு ஆனது.

சில வருஷங்களுக்கு முன், மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னேன். அன்றைக்கு நான் உறையும் சீட்டுமாக உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால் நீ அந்த ரசீதை எழுதியிருக்க மாட்டாய், நிலமும் முழு விலைக்குப் போயிருக்கும் என்று. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தாள்.

"உங்க சீட்டெல்லாம் எனக்கு அப்ப ஞாபகமே வரலம்மா. அந்தக் குத்தகைக்காரர் வீட்டு மாமி எனக்கும் தம்பிக்கும் சோறு போட்டாங்க. மொச்சைக்கொட்டைக் குழம்பு. சாப்புட்டு முடிச்சதும் ஒரு நோட்டுத் தாளைக் கிழிச்சுக் குடுத்து, இப்புடி இப்புடி எழுதுன்னு அவங்கதான் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏழாம் வகுப்புன்னு போட்டது மட்டும் நானா போட்டது."

"அவங்க சொல்லித்தான் எழுதினியா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க தலையைத் தடவுனீங்க. அப்புறம் எப்புடிச் சொல்றது?"

அந்த மாமி குழந்தையை ஏமாற்றினாள் என்று கோபப்படலாமா? எழுதச் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லையே. சாயங்காலம் மகனுக்குப் போன் செய்து, உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். ரசீதெல்லாம் அவனுக்குத் தெரியாது. மூட்டை மேல் உட்கார்ந்து வந்ததும், ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது குத்தகைக்காரர் கொஞ்ச நேரம் மாட்டுக் கயிற்றை அவன் கையில் கொடுத்ததும்தான் ஞாபகம் இருக்கிறது என்றான்.